வடிவுக்கு வந்த வண்டிகள்

இப்படி நெழலுக்கு வாங்க அண்ணாச்சி, அங்க வெயிலு திரும்பிரும். இன்னும் கூப்பிட ஆரம்பிக்கலை. திங்கக்கெழமை கலெக்டர் ஆபீஸ்னா இப்படித்தான், டோக்கனைக் கையில குடுத்துட்டு மரத்தடியில காயப்போட்டுருவாவ. உங்களுக்கு என்ன விசயம்? வாய்க்கால் ஆக்கிரமிப்பா? சரிதான். நடந்தா நல்லது. நடக்காது.

எனக்கா? கேட்டா நீங்க சிரிச்சாலும் சிரிப்பீய. என் தங்கச்சி போன ஐப்பசியில செத்துப்போனா. அவ எழவுல, என் வீட்டு வாசல்ல வச்சு, என்னைய ஒரு கூட்டம் அவமானப்படுத்திட்டுப் போயிட்டு. அதுக்குத்தான் மனு. சாவு வீட்டுல வந்து அவமானப்படுத்தினா என்ன செக்சன்னு வக்கீல்ட்ட கேட்டேன். அப்படி ஒண்ணும் கெடையாது அண்ணாச்சின்னுட்டான். பெறவு என்ன சட்டம்?

முதல்ல இருந்து சொல்லுதேன். சொன்னாத்தான் வெளங்கும்.

எனக்கு டவுன்ல பாத்திரக்கடை. ஆவுடையப்பன்னா தெரியாதவங்க கெடையாது. வடிவு எனக்கு இளையவ, சண்முகவடிவுன்னு முழுப்பேரு. சின்னப்பிள்ளையில போலியோ வந்து ரெண்டு காலும் சூம்பிப் போச்சு. தரையில கைய ஊனி ஊனித்தான் நகருவா. அப்பா அம்மா போன பெறவு யாரு பாத்தா? நான்தான். சொல்லிக் காட்டப்படாது, ஆனா சொல்லாமயும் இருக்க முடியலை. எம் பொஞ்சாதி செண்பகம் உலையில அரிசி போடும்போது அவளையும் சேத்துத்தான் போடுவா. ஒருநாள் கொறை வச்சது கெடையாது. அவளும் சும்மா இருக்கமாட்டா, உண்மையச் சொல்லணும்லா. காய் நறுக்க, மாவாட்ட, பாத்திரம் வெளக்க, உக்காந்த எடத்துலயே எல்லாம் செஞ்சிருவா. எம் மக சிவகாமி பொறந்ததுல இருந்து அவ மடியிலதான் கெடந்தா. நடக்கத் தெரிஞ்சவ மடின்னா அப்பப்ப எந்திரிச்சுப் போயிருவா. இவ எங்க போவா? பிள்ளை நிம்மதியாத் தூங்கும்.

எல்லாம் ஒழுங்காத்தான் போய்க்கிட்டு இருந்து. கெடுத்தது அந்த வண்டிதான்.

கவர்மெண்டுல குடுக்காவல்லா, பின்னால ரெண்டு பக்கமும் கூடுதலா சக்கரம் மாட்டின ஸ்கூட்டரு. எனக்குத் தெரியாம மனு போட்டிருக்கா. வண்டி வாசல்ல வந்து எறங்கின அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்.

"ஏட்டி, உனக்கு எதுக்கு இது? எங்க போகணும்னாலும் நான் ஆட்டோ வச்சுக் கூட்டிட்டுப் போவேன்லா?"ன்னு கேட்டேன்.

"கடைசியா எப்பண்ணே கூட்டிட்டுப் போன?"ன்னா.

பேச்சைப் பாத்தீயளா? அதெல்லாம் எனக்கு ஞாபகத்துல இருக்குமா? குடும்பஸ்தன், கடை கண்ணின்னு ஆயிரம் சோலி.

வண்டி வந்த பெறவு ஆளே மாறிட்டா. காலைல சமையலை முடிச்சுட்டு சர்ருன்னு கெளம்பிருவா. எங்கட்டி போறன்னா, பேட்டையில ஒருத்திக்கு வண்டி பழக்கணும்பா. முக்கூடல்ல ஒருத்தனுக்கு ஊனச் சர்ட்டிபிகேட்டு வாங்கணும்பா. கால் இல்லாதவ, கால் இல்லாதவனுக்கு வண்டி பழக்குதா! அதுக்கு ஒரு சங்கம், அதுக்கு இவ தலைவி. ஞாயித்துக்கெழமையானா வாசல்ல அந்தச் சக்கரம் வச்ச வண்டியா வந்து நிக்கும். இங்கன நிக்கப்படாதுன்னு வெரட்டி விட்டேன். ஏவாரம் பண்ணுதவன் வீட்டு வாசல், காலங்காத்தால முழிக்க வேண்டிய காட்சியா அது? தெருமுக்குல போயி நின்னானுவ. வழி கேக்கவன் கூட, "வடிவக்கா வீடு எது?"ன்னு கேட்டுத்தான் வருவான். எங்க தாத்தா கட்டின வீடு அண்ணாச்சி. வரி என் பேருல கெட்டுதேன். வடிவக்கா வீடு ஆயிட்டு.

அந்தக் கூட்டத்துல சவரிமுத்துன்னு ஒருத்தன். பாளையங்கோட்டைக்காரன், செல்போன் ரிப்பேர் கடை வச்சிருக்கான். லாரியில அடிபட்டு ஒரு கால் போயிட்டு. அவன் ஒருநாள் வெள்ளை வேட்டி கட்டி, பழம் வெத்தலையோட வந்து நிக்கான், வடிவைக் கட்டிக்கிடுதேன்னு. வேற சாதி, வேற வேதம். அதைக்கூட விடுங்க. "ரெண்டு பேருக்கும் சேத்து நாலு காலு. அதுல நடக்கது ஒண்ணே ஒண்ணு. யாருப்பா தண்ணி எடுக்கது?"ன்னு கேட்டேன். வாசல்ல நின்ன அத்தனை பேரும் சிரிச்சிட்டாவ. வடிவு மட்டும் சிரிக்கலை. உள்ள நகந்து போயி கதவைச் சாத்திக்கிட்டா. நான் கோவத்துல கேக்கலை அண்ணாச்சி, நடப்பைத்தான் கேட்டேன். அவன் கொண்டுவந்ததை வச்சுட்டுப் போயிட்டான். அந்தப் பழத்தை மாட்டுக்குப் போட்டோம்.

பெறவு சிவகாமிக்கு ஒரு வரன் வந்து. அம்பாசமுத்திரத்துல நல்ல குடும்பம், பையன் பேங்குல வேலை. தரகர் கூடக் கெடையாது, அவங்களாத் தேடி வந்த சம்பந்தம். எம் மக மொகராசின்னு நெனச்சேன். ஒண்ணே ஒண்ணுதான் பயம். வீட்டுல ஒரு நொண்டி இருக்கான்னா, வம்சத்துலயே வரும்னு ஒரு பேச்சு கெளம்பும்லா? போலியோ அப்படி வராது யப்பான்னா சிவகாமி. வராதுன்னு உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஊருக்குத் தெரியுமா?

அதனால மாடி ரூமை ஒழுங்கு பண்ணினேன். வெள்ளையடிச்சு, பேன் மாட்டி, பாத்ரூமுக்கு டைல்ஸ் போட்டு. என் ரெண்டு கையாலயும் தூக்கிட்டுப் போயி உக்கார வச்சேன். இந்தக் காலத்துல எந்த அண்ணன் தூக்குவான்? "நிச்சயம் முடியட்டும் வடிவு, அதுவரைக்கும் கீழ எறங்காம இரு"ன்னேன். சிவகாமிக்காகத்தான்னதும் சரின்னுட்டா. வண்டிய எடுத்துக் கடைக் குடோன்ல போட்டுப் பூட்டினேன். அதுக்கு மட்டும் கத்தினா. "வண்டி எதுக்குப் பூட்டுத? சாவியக் குடு அண்ணே, சாவியக் குடு"ன்னு ஒரே பாட்டு. அவ போனு வேற ஓயாம அடிச்சுக்கிட்டே கெடக்கு. அதையும் வாங்கிக் கடை மேசைக்குள்ள போட்டேன்.

சவரிமுத்து கடைக்கே வந்து வடிவு எங்கன்னு கேட்டான். தூத்துக்குடியில சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லி அனுப்பினேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணு பாக்க வந்தப்ப அவங்களும் கேக்காவ, "உங்களுக்கு ஒரு தங்கச்சி உண்டுல்லா, எங்க காணோம்?"ன்னு. அவங்களுக்கும் அதே தூத்துக்குடிதான். மாப்பிள்ளையோட அப்பா மொகம் ஒரு மாதிரி ஆச்சு. காப்பி ஆறிப்போச்சு போலன்னு நெனச்சு, வேற போட்டுக் கொண்டுவரச் சொன்னேன்.

அடுத்து மழை. ஊரெல்லாம் காய்ச்சல். வடிவுக்கும் வந்துட்டு. எல்லாருக்கும் வாரதுதானே? மெடிக்கல்ல போயி மாத்திரை நானே வாங்கிட்டு வந்து குடுத்தேன். செண்பகம், "உடம்பு கொதிக்குங்க, பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருவமா?"ன்னா. மாப்பிள்ளை வீட்டுல இருந்து நிச்சயத்துக்கு நாள் குறிக்க வார சமயம். வாசல்ல ஆம்புலன்ஸ் வந்து நிக்க, மாடியில இருந்து ஆளை எறக்க, அது நல்லாவா இருக்கும்? கொஞ்சம் பொறுன்னேன். சிவகாமி அப்ப மதுரைக்குப் பரிச்சை எழுதப் போயிருந்தா. திரும்பி வந்தவ நேர மாடிக்கு ஏறினா. அவ போட்ட சத்தத்துல தெருவே கூடிட்டு. பெறவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அன்னைக்கே முடிஞ்சு போச்சு. லேட்டாக் கொண்டுவந்திருக்கீங்கன்னாரு டாக்டரு. எந்த டாக்டர் அண்ணாச்சி சீக்கிரமாக் கொண்டுவந்துட்டீங்கன்னு சொல்லியிருக்கான்?

சரி, விதி. மறுநாள் உச்சிக்குள்ள எடுத்துரணும்னு ஏற்பாடு பண்ணினேன். கல்யாணமாகாதவ, பிள்ளைகுட்டி கெடையாது, ரொம்பப் பேருக்கு எழவுத் தாக்கல் சொல்லி என்ன ஆகப்போகுது? நெருங்கின சொந்தத்துக்கு மட்டும் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டுக்கு, தூத்துக்குடியில இருந்து காய்ச்சலோட வந்தா, வந்த எடத்துல இப்படி ஆயிட்டுன்னு சொன்னேன். அவங்களும் மரியாதைக்கு வந்துட்டாவ. அப்பதான் தெருமுக்குல ஒரு சத்தம்.

முதல்ல ஒரு வண்டிச் சத்தம். பெறவு ரெண்டு மூணு. பெறவு எண்ண முடியலை. எல்லாம் அந்தச் சக்கரம் வச்ச ஸ்கூட்டரு. கண்ணாடியில கறுப்புத் துணி கட்டியிருக்கு. ஒருத்தன் முதுகுக்குப் பின்னால ஊன்றுகோலைக் கட்டி வச்சிருக்கான். ஒருத்தி கைப்பிள்ளையோட வந்திருக்கா. தென்காசி வண்டி, வள்ளியூர் வண்டி, கோவில்பட்டி வண்டி. தெரு கொள்ளலை. தேரடி வரைக்கும் நின்னுதுன்னு பெறவு சொன்னாவ. யாரும் எறங்கலை. பாதிப்பேருக்கு எறங்க முடியாதுல்லா? உக்காந்தபடியே ஒவ்வொருத்தனா இஞ்சினை அணைச்சானுவ. அந்தச் சத்தம் அடங்கினதும் ஒரு அமைதி வந்து பாருங்க, எங்க வீட்டுப் பொம்பளையளு கூட ஒப்பாரிய நிறுத்திட்டாவ.

தாக்கல் சொன்னது யாரு? எம் மக. பெத்த மக.

சவரிமுத்து ஊன்றுகோலை ஊனிக்கிட்டு வந்து எம் முன்னால நின்னான். நான் அவளைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணி எடுத்துட்டு வந்து ஈரத்துண்டோட, வெத்து மேலோட நிக்கேன்.

"வடிவு தூத்துக்குடியில இருந்து எப்ப வந்தா அண்ணாச்சி?"ன்னான்.

வடிவாம். பேரைச் சொல்லுதான். "எழவு வீட்டுல கேள்வி கேக்காத. மாலையப் போட்டுட்டு ஒதுங்கி நில்லு"ன்னேன்.

"உங்க நடைப்படி ஒசரம். எங்க ஆளுக பாதிப்பேரு ஏற முடியாது. அவளைக் கொஞ்சம் தெருவுல கொண்டுவந்து வைங்க. பாத்துட்டுப் போயிருதோம்."

"அப்படி ஒரு முறை எங்கள்ல கெடையாது"ன்னேன். நான் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே, எம் மச்சினனும் அவன் பயலுவளும் அவ கெடந்த பெஞ்சைத் தூக்கிட்டுப் போயித் தெருவுல வைக்கானுவ. என் மச்சினன் அண்ணாச்சி! எவனும் என்னைக் கேக்கலை. வண்டியளு ஒண்ணொண்ணா அவ பக்கத்துல வருது, நிக்குது, உக்காந்தபடியே குனிஞ்சு காலைத் தொடுதானுவ. அந்தக் காலைப் போயி! இத்தனை வருசத்துல அந்தக் காலை யாரும் தொட்டுப் பாத்ததில்லை.

சவரிமுத்து சுத்திமுத்தும் பாத்துட்டு, "அவ வண்டி எங்க?"ன்னான்.

"வித்தாச்சு"ன்னேன்.

என் சட்டை நடையில கொடியில தொங்குது. சிவகாமி உள்ள போனா, சட்டைப் பையில கைய விட்டா, சாவிய எடுத்துட்டு வாசலுக்கு வந்தா. "விக்கலை அண்ணே. யப்பா பொய் சொல்லுதாவ. குடோன்ல போட்டுப் பூட்டி வச்சிருக்காவ. அத்தை தூத்துக்குடிக்கும் போகலை. மாடியிலதான் இருந்தா"ன்னா. மெதுவாச் சொல்லியிருக்கலாம்லா? ஊரே கேக்க சொல்லுதா. சம்பந்தி வீட்டுக்காரங்க நாற்காலியில உக்காந்திருக்காவ. பெத்த தகப்பனை இப்படி ஒரு மக நடுத்தெருவுல வச்சுப் பேசலாமா?

நான் ஓடிப்போயி மாப்பிள்ளையோட அப்பா பக்கத்துல நின்னுக்கிட்டு, "சின்னப்பிள்ளை, துக்கத்துல ஒளறுது"ன்னேன். அவரு என்னைப் பாக்கவே இல்லை. அந்த வண்டிக் கூட்டத்துல ஒருத்தனைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. அவனும் அவரு சாயல்ல இருந்தான்.

"அது என் தம்பி"ன்னாரு. "வருசக்கணக்கா அறைய விட்டு வெளிய வராமக் கெடந்தான். வடிவுதான் வீட்டுக்கே வந்து வண்டி பழக்கி விட்டா. அவ வளத்த பிள்ளைன்னுதான் உங்க வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வந்தோம். அவளைப் போயி ஒளிச்சு வச்சீயளே அண்ணாச்சி."

இதை எங்கிட்ட முதல்லயே சொல்ல வேண்டாமா? நீங்களே சொல்லுங்க. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே வாயத் தொறந்து சொல்லியிருந்தா, நான் எதுக்கு டைல்ஸ் போடப்போறேன்? அவங்க பேருலதான் தப்பு. இன்னைக்கு வரைக்கும் அதைத்தான் சொல்லுதேன்.

அதுக்குள்ள குடோனைத் தொறந்து வண்டியக் கொண்டுவந்துட்டானுவ. சிவகாமி தலையை விரிச்சுப் போட்டபடியே அதுல ஏறி உக்காந்தா. எங்கள்ல பொம்பளையளு சுடுகாட்டுக்குப் போறது கெடையாது. தெருமுக்கோட நின்னு திரும்பிருவாவ. இவ அமரர் ஊர்திக்கு முன்னால வண்டிய ஓட்டிட்டுப் போறா. பின்னால அத்தனை ஸ்கூட்டரும். ஒருத்தன் ஹாரன் அடிக்கலை, ஒருத்தன் முந்தலை. நான் கொள்ளிச்சட்டியத் தூக்கிட்டு நடந்து போறேன், என்னை யாரும் கவனிக்கலை. ரோட்டுல போற பஸ்ஸெல்லாம் நிக்குது. டிராபிக் போலீஸ்காரன் தொப்பியக் கழத்திக் கக்கத்துல வச்சுக்கிட்டு நிக்கான். எங்கப்பா போனப்ப ஒரு சைக்கிள் கூட நிக்கலை.

ஆத்தங்கரையில தார் ரோடு முடிஞ்சிரும். அங்க இருந்து மணலு. வண்டி போகாது. அதோட தொலைஞ்சுதுன்னு நெனச்சேன். எறங்கிட்டானுவ அண்ணாச்சி. நடக்க முடிஞ்சவன் நடந்தான், முடியாதவன் வண்டிய விட்டுச் சரிஞ்சு, மணலுக்குள்ள கைய ஊனி ஊனி வாரான். வடிவு எங்க வீட்டுக்குள்ள நகருவால்லா, அதே மாதிரி. ஒருத்தன் ரெண்டு பேர்னா பரவால்லை. அம்புட்டுப் பேரும். வெள்ளைச் சட்டையெல்லாம் மணலு. சொந்தக்காரனுவ கைகட்டி நிக்கானுவ. வெட்டியான் சங்கைக் கீழ வச்சுட்டு ஓடிப்போயி ஒரு பிள்ளையத் தூக்குதான். அவனைப் பாத்து எம் மச்சினன் தூக்குதான், பெறவு எல்லாரும். வாய்க்கரிசி எனக்குத்தான் முதல்ல. அண்ணன்லா? நான் கையில அரிசியோட நிக்கேன். "அவுக வரட்டும் யப்பா, பொறுங்க"ன்னா சிவகாமி. எல்லாரும் போட்டு முடிச்சாவ. சவரிமுத்து கடைசி. அவன் அரிசியப் போடலை, கையிலயே வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் அவ மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தான். அதுக்குப் பெறவுதான் நான். என் கை அரிசி ஈரமாகி ஒட்டிக்கிட்டு, விழவே மாட்டேங்கு. ஒதறித்தான் போட்டேன்.

பதினாறு முடிஞ்சதும் அம்பாசமுத்திரத்துல இருந்து வேண்டாம்னு சொல்லி விட்டுட்டாவ. மாப்பிள்ளைப் பையன் மட்டும் சிவகாமிட்ட வந்து பேசினானாம். இவதான் முடியாதுன்னுட்டாளாம். இப்ப பாளையங்கோட்டையில லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்கா, வேலைக்குப் போறா. எங்கிட்ட பேச்சு கெடையாது. செண்பகம் ஞாயித்துக்கெழமை போயி பாத்துட்டு வாரா. என்ன பேசினீயன்னு கேட்டா, ஒண்ணுமில்லைம்பா. வண்டியப் பேட்டைக்காரி ஒருத்தி ஓட்டுதாளாம். என்னையக் கேக்காமயே குடுத்தாச்சு.

இப்ப என்ன செஞ்சிருக்கானுவ தெரியுமா? தெருமுக்குல ஒரு போர்டு வச்சிருக்கானுவ. வடிவு அந்த வண்டியில உக்காந்து சிரிக்கிற படம். அப்படி ஒரு சிரிப்பு எங்க வீட்டுல நான் பாத்தது கெடையாது, எங்க வச்சு எடுத்தானுவளோ. "எங்களை ஊர் பார்க்க வைத்த வடிவக்கா"ன்னு எழுதியிருக்கு. கீழ ஊரு பேரு, சங்கத்துப் பேரு. ஒரு ஓரத்துலயாவது, இன்னாருடைய தங்கைன்னு போடலாம்லா? இத்தனை வருசம் சோறு போட்டவன் பேரு வேண்டாமா? அந்தப் போர்டை எடுக்கணும், இல்லை எம் பேரையும் சேக்கணும். மனுவுல ரெண்டையும் எழுதியிருக்கேன்.

என்ன அண்ணாச்சி, இப்படிப் பாக்கீய?

என்ன கேக்கீய? காய்ச்சலோட கெடந்தப்ப அவ கூப்பிடலையான்னா? கூப்பிட்டிருப்பா. தொண்டை கட்டிக்கிட்டு, சத்தம் கீழ வரலை. டம்ளரை வச்சுத் தரையில தட்டுவா. நான் கீழ சாப்பிட உக்காந்தா சரியாத் தலைக்கு மேல கேக்கும், டொக்கு டொக்குன்னு. செண்பகம் மேல பாப்பா. "நீ சோத்தைப் போடு, வண்டிச் சாவிக்குத்தான் தட்டுதா"ன்னுருவேன். அப்படித்தானே எவனும் நெனைப்பான்? சிவகாமி வந்த அன்னைக்கு மத்தியானம் தட்டவே இல்லை. சரி, ஒருவழியாப் புத்தி வந்துட்டுன்னு, அன்னைக்குத்தான் நிம்மதியா ரெண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.